ஓட்டுபவரும் உடனிருப்பவரும்

கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் மலையேறித் திரும்பினாலும் இருவரும் மேற்கொண்டது ஒரே பயணம்தானா என்னும் கேள்வி, திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவைக் கடந்து பொன்முடிக்குப் போகும் சாலையில் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. நெடுமங்காடு வழியாக வரும் அச்சாலை, வித்துராவுக்கு அப்பால் கல்லாற்றைத் தாண்டியதும், வண்டி ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பி ஏற வேண்டிய 22 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே சுமார் 1,100 மீட்டர் உயரத்தை எட்டுகிறது.

இத்தனை வளைவுகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு மலை தென்படுவதே இல்லை. அவருடைய கண் சாலையின் உள்விளிம்பிலும் எதிரே இறங்கி வரும் பேருந்திலும், காது ஹாரன் ஒலியிலும், கை கியரிலும் இருக்க, தேயிலைச் சரிவும் அதன்மேல் நகரும் மஞ்சும் கிளைக்குக் கிளை தாவும் கருமந்தியும் பக்கத்து இருக்கைக்கே உரியனவாகின்றன. “பார்த்தீங்களா?” என்று மனைவி கேட்டு, “எங்கே?” என்று கணவன் திரும்புவதற்குள் வளைவு முடிந்து அந்தக் காட்சி மறைந்திருக்கும், ஒருவர் கண்டது மற்றவருக்குச் சொல்லாகவே வந்து சேர்கிறது. அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளும் பொறுமை இருக்கும்வரை இதில் இழப்பு ஏதுமில்லை. ஆனால் யார் ஓட்டுவது, யார் பார்ப்பது என்பது பெரும்பாலான வீடுகளில் கேட்கப்படாமலே முடிவாகிவிடுகிறது. நகர நெரிசலில் அன்றாடம் ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் பெண்ணிடம்கூட, மலைச்சாலை என்றதும், “உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்?” என்று சாவி மறுக்கப்படுகிறது, அவளுடைய ஓட்டுநர் உரிமம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அக்கறையின் பெயரால் நிகழும் மறுப்பு என்பதால் இதை எதிர்த்துப் பேசுவதும் எளிதன்று.

வித்துராவிலிருந்து கிளை பிரியும் மற்றொரு சாலை போனக்காட்டில் முடிய, அங்கிருந்து 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடந்து ஏற வேண்டும். 2018ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அந்தச் சிகரத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லாததால், தம்பதியாக வந்தாலும் கணவன் மட்டுமே உச்சிக்குப் போக முடிந்தது. 2019 ஜனவரியில்தான் அத்தடை செயலளவில் நீங்கியது. அங்கே வெளிப்படையாக இருந்த விதியும் வண்டிக்குள் எழுதாமல் இருக்கும் விதியும் ஒரே மரபின் இரு முகங்கள் என்று கருத இடமுண்டு.

இப்பகுதியில் 1983இல் அமைந்த, 53 சதுர கிலோமீட்டர் பரப்புடைய பேப்பாறை வனப்பகுதி தேசியப் பூங்கா அன்று, சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவில் முற்றாக நீங்கிவிடும் குடிகளின் உரிமைகள் சரணாலயத்தில் ஓரளவு தொடரலாம் என்பதால், காணிப் பழங்குடியினரின் ஊர்கள் அதற்குள் நீடிக்கின்றன. இதனை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், அதாவது இயற்கைப் பாதுகாப்பும் மனித வாழ்வும் ஒருங்கே பேணப்படும் நிலப்பரப்பு, தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறை வரை விரிந்துகிடக்கிறது. பொன்முடியோடு நிற்கும் வண்டிச்சாலை அந்தக் காட்டைக் கடந்து மறுபுறம் இறங்குவதில்லை. வந்த வழியே திரும்ப வேண்டியிருப்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. காட்டுக்கு அது நன்மை, இருக்கை மாறிக்கொள்ள விரும்பும் தம்பதிக்கும் நன்மை. ஏறும்போது ஒருவர் பார்க்கத் தவறியதை இறங்கும்போது அவரே பார்க்கலாம்.

ஆயினும் மலைச்சாலையில் ஏற்றத்தைவிட இறக்கமே கடினம்: தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்பதால், குறைந்த கியரில் என்ஜினின் இழுவையாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இருவரில் பழக்கம் குறைந்தவர் யாரோ, அவரிடமே வித்துராவில் சாவியைக் கொடுத்து ஏற்றத்தை ஓட்டச் சொல்வதுதான் சரியான முறை.