பஞ்சப்படி

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படியை, சென்னை நகரத்து விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கொண்டு போடப்பட்ட வெறுங்கணக்காகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். ஆயினும், கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் விலையா, வேலை செய்கிற ஜீவனுக்குச் சேரவேண்டிய கடனா என்ற பழைய தர்மசங்கடம் அந்தக் கணக்கின் அடியில் இன்னும் தீராமல் கிடக்கிறது.

விலையென்றால், பேரம் முடிந்த இடத்தில் நியாயமும் முடிந்துவிடும். கடன் அப்படி முடிவதில்லை. கூலியாளின் கூலியை ஓர் இரவுகூடத் தன்னிடம் தங்கவைக்கலாகாதென்று யூதர்களின் வேதம் விதித்ததும், வியர்வை உலருமுன் அதைக் கொடுத்துவிடும்படி நபிகள் நாயகம் பணித்ததாக இஸ்லாமிய மரபு போற்றுவதும், தாமதமே ஒருவகை அபகரிப்பு என்று அந்தப் பெரியோர் கண்டதனால்தான். விலைவாசி ஏறியும் கூலி ஏறாமல் நிற்கிற ஒவ்வொரு மாதமும், தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு முதலாளியின் பெட்டியில் இராத்தங்குகிறது என்றே நான் கருதுகிறேன். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலி விகிதங்களை மறுபரிசீலனை செய்ய ஐந்தாண்டுவரை அவகாசம் தந்தது. அந்த நீண்ட இரவைச் சுருக்குவதே பஞ்சப்படியின் வேலை. அதைத் தானமென்று எண்ணிக் கொடுப்பவர், பிறர் பொருளை அவரிடமே திருப்பித் தந்துவிட்டுப் புண்ணியம் தேடுகிறார்.

1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டில் 72 கஜம் துணி என்று உடம்பின் தேவையை அளந்தது. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக இன்னொரு கால் பங்கு சேரவேண்டுமென்று 1991இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தொழிலாளி வயிறு மட்டுமல்லன் என்பது சட்டத்தின் பாஷையிலும் ஏறிற்று. பண்டிகையைக் கூலியில் சேர்த்த அந்த நீதிபதிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சிறு முதலாளியின் சங்கடத்தை நான் அறியாதவனல்லன். ஆனால் அவருடைய நஷ்டத்துக்குத் தொழிலாளியின் அடுப்பு ஜாமீனாக முடியாது.

ஓர் அச்சுக்கூடத்தில் புத்தகம் தைக்கும் மூதாட்டி, கைப்பசையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த புதுப் பட்டியலைக் காட்டி, “நம்ம படி எத்தனை ஏறியிருக்குங்க சாமி?” என்று கேட்டாள். வாசித்துச் சொன்னேன். விரற்கணுக்களில் எதையோ எண்ணிப் பார்த்தாள். பிறகு, போன வருஷம் துவரம்பருப்பு விற்ற விலையை மட்டும் சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.