யார் முதலில் எழுந்து நிற்பது?

(ஜலகண்டாபுரத்தில் ஒரு தறி வீட்டுத் திண்ணை. பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஓய்வுபெற்ற உபதேசியார் மகன் வீட்டில் இருந்துகொண்டு ராட்டையில் தார் சுற்றித் தருகிறார். அவர் கிராமத்துப் பையன், இப்போது இறையியல் படிக்கிறவன், பார்க்க வந்திருக்கிறான்.)

சீடன்: ஐயா, வருகிற ஞாயிறு நம் ஊர்ச் சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

குரு: வழக்கமாக எதைச் சொல்வார்கள்?

சீடன்: நோய் தீர்ந்தது, கடன் அடைந்தது, பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்பார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. என் பாட்டிதான் இருக்கிறாள். திருவிருந்துக்குப் போகும்போது முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாள். முன்வரிசைக்காரர்கள்மேல் துணி பட்டுவிடக் கூடாதென்று. சாகும்வரை அப்படித்தான் போனாள். புதைத்ததும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம். இதைப் போய் எப்படிச் சாட்சி என்பது?

குரு: ஏன் கூடாது? கண்டதைக் கண்டபடி சொன்னால் அது சாட்சி. வழக்காடு மன்றத்தில், நல்லபடி முடிந்த கதையை மட்டும் சொல் என்று சாட்சியிடம் யாரும் கேட்பதில்லை. நாம்தான் சபையில் அப்படிப் பழக்கிவிட்டோம்.

சீடன்: சொன்னால் மாறுமா? ஆணை போட்டால்தானே மாறும்?

குரு: ஆணைக்குக் குறைவே இல்லை, கண்ணு. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலே கால்சட்டை மாதிரி. பீடம் ஒன்று, அதைப் பார்த்து இரண்டு கிளை, ஒவ்வொரு கிளையிலும் ஒரு சாதி. 1910-ல் பிரிப்புச் சுவரை இடித்தார்கள். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் தோற்றார்கள். இடித்தது சரிதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை எப்படி ஜெபித்தது என்று யாரும் எழுந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சீடன்: இதெல்லாம் எங்கே தொடங்கியது?

குரு: நம் பக்கத்திலேயே அதன் தடம் உண்டு. ராபர்ட் தெ நொபிலி பாதிரியார் 1623-ல் மதுரையிலிருந்து கிளம்பி சேந்தமங்கலம், சேலம் என்று வந்தவர். தமிழில் மூழ்கிய பெரிய மனிதர். ஆனால் மேல்சாதிக்கு ஒரு போதகர், மற்றவர்களுக்கு வேறு போதகர் என்ற ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். ஆட்களைச் சேர்ப்பதற்காக அன்று செய்த வசதி, பிறகு வழக்கமாகி, வழக்கம் சுவராகிவிட்டது.

சீடன்: அப்படியானால் சாட்சி என்ன செய்யும்?

குரு: 1992-ல் பாமா என்ற தலித் எழுத்தாளர் தன் கதையை ‘கருக்கு’ என்று எழுதினார். கன்னியர் மடத்தில் சேர்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து, வெளியே வந்து எழுதியது. பனைமட்டையின் ரம்பப் பல்லைத் தலைப்பாக வைத்தார். சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டு, சில மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, சபையில் சாதியா, எங்கே, என்று கேட்பது முன்போல எளிதாக இல்லை. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் வாசலை ஒரு புத்தகம் மூடியது.

சீடன்: ஐயா, எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் சான்றிதழில் இந்து. 1950-ன் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவன் என்று சொன்னால் அந்தச் சலுகை போய்விடும். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திருத்திக் கொடுத்தார்கள், எங்களுக்கு இல்லை. சபையில் எழுந்து நின்றால் சாதிக்காகக் குனிய வேண்டும், வெளியே எழுந்து நின்றால் விசுவாசத்துக்காக. என் அத்தை மகன் இதனாலேயே வாயைத் திறப்பதில்லை.

குரு: அவனைப் பேசச் சொல்லாதே. யாரையும் மேடைக்கு இழுக்காதே.

சீடன்: இயேசு இழுத்தாரே? பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கு இருந்த அந்தப் பெண் கூட்டத்தில் மறைந்து வந்து அவர் ஆடையைத் தொட்டாள். அப்போதே குணமாகிவிட்டது. பிறகும் என்னைத் தொட்டது யார் என்று நின்றுகொண்டாரே. அவள் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

குரு: (ராட்டையை மெதுவாக்குகிறார்) பக்கத்தில் யார் நின்றார்கள் பார். யவீரு. ஜெபாலயத் தலைவர். அவள் தீட்டு என்று சொல்லும் முறைக்குக் காவல்காரர். அவர் மகளுக்கும் பன்னிரண்டு வயது, வீட்டில் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அந்த அவசரத்திலும் அவர் நின்று அவள் கதையைக் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பேச்சு, கேட்க வேண்டியவர்களுக்காக.

சீடன்: அதைத்தான் நானும் கேட்கிறேன். கேட்க வேண்டியவர்களுக்காக எப்போதும் காயப்பட்டவளே ஏன் துணியை விலக்கிக் காட்ட வேண்டும்? என் பாட்டி முந்தானையைச் செருகிக்கொண்ட கதையை நான் சொல்வேன். அவள் செருகிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எப்போது சொல்வார்கள்?

(நூல் அறுகிறது. குரு முனையைத் தேடி எடுத்து, விரலால் முறுக்கி முடிச்சுப் போடுகிறார். பேச நேரமாகிறது.)

குரு: சகேயு சொன்னான். எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். நாற்பது வருடம் அதைப் பிரசங்கித்திருக்கிறேன்... கேள், கண்ணு. நான் உபதேசியாராக வந்த புதிதில் ஒரு திருவிருந்து. ஒரு வயதான அம்மாள் வரிசை தெரியாமல் முன்னால் வந்துவிட்டாள். நான் கையைக் காட்டினேன், பொறு, இவர்கள் முடியட்டும் என்று. வாயால்கூடச் சொல்லவில்லை, கையால்தான். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். அடுத்த மாதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சீடன்: ஐயா...

குரு: ஞாயிற்றுக்கிழமை உன் பெயருக்கு முன்னால் என் பெயரை எழுதச் சொல். நான் முதலில் நிற்கிறேன். என் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கென்று விட்டிருக்கும் இடத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். என்னைச் சுவருக்கு அந்தப் பக்கமே வைக்கட்டும்.

சீடன்: மன்னித்துக்கொள்ளுங்கள். அதனால் யாருக்கு என்ன? நீங்கள் அந்தப் பக்கம் படுப்பீர்கள், சுவர் நின்றுகொண்டிருக்கும். நாலு மடங்கு என்றால் உங்கள் கையில் இருப்பதைத்தானே கொடுக்க வேண்டும்? சபைக் கமிட்டியில் நீங்கள்தான் மூத்தவர். அந்தச் சுவருக்குப் போன வருடமும் வெள்ளையடிக்கப் பணம் ஒதுக்கினீர்கள்.

(ராட்டை நிற்கிறது. பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது.)

குரு: ஒதுக்கினோம். கையெழுத்து என்னுடையதுதான்.

சீடன்: கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது?

குரு: அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டு வா. தீர்மானத்தை நான் சொல்லச் சொல்ல நீ எழுது. எங்கேயாவது நான் வார்த்தையை மழுப்பினால் நிறுத்திக் கேள்.