கேளாதாரும் வேண்டாதாரும்: ஊவாத் தோட்டங்களில் பதினாறு வயதின் பின்னர்

ஒருவன் பொய் சொன்னானா, களவெடுத்தானா என விசாரிப்பது அறவியலின் எளிய பகுதி. ஓர் அரசு தன் பணத்தைப் பங்கிடும்போது எவரைக் கணக்கிற் சேர்த்தது, எவரை விட்டது என விசாரிப்பது அத்துணை எளிதன்று. அங்கே குற்றவாளி என எவரையும் சுட்ட முடியாது, சட்டம் மீறப்பட்டிராது, கோப்புகள் யாவும் ஒழுங்காகவே இருக்கும். ஆயினும் அநீதி நிகழ்ந்திருக்கக்கூடும். பதினாறு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் திட்டமிடும் முறை இத்தகைய விசாரணைக்கு உரியது. பதுளையையும் ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களையும் முன்வைத்து அதனை நோக்குவது பொருத்தமாகும். ஒரு பொது விதி எவ்விடத்தில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றதோ அவ்விடத்திலேயே அதன் உண்மையான இயல்பும் வெளிப்படும்.

இலங்கைச் சட்டத்தில் பதினாறு வயது விசித்திரமானதோர் எல்லை. 1998 முதல் பதினான்கு வயதுவரை கட்டாயமாயிருந்த பாடசாலைக் கல்வி, 2016 இல் பதினாறு வயதுவரை நீட்டப்பெற்றது. வேலைக்கு அமர்த்தத்தக்க குறைந்த வயதும் 2021 இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பெற்றது. இரண்டும் வரவேற்கத்தக்க திருத்தங்களே. ஆனால், பாடசாலைக்கு அனுப்பும் கடப்பாடு முடிவதும் கூலி வேலைக்குச் செல்லும் உரிமை தொடங்குவதும் இன்று ஒரே பிறந்தநாளில் நிகழ்கின்றன. அந்த நாளின் பின்னர் பிள்ளையைக் கல்வியோடு பிணைத்து வைப்பது சட்டமன்று. வீட்டின் வசதியும் ஊரின் வசதியுமே. நகரத்து வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வெல்லை கண்ணிற் படுவதே இல்லை. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஒரு லயத்தில் வளரும் பிள்ளைக்கு அதுவே வாழ்வின் பெரும் பிரிகோடாகி விடுகின்றது.

இந்தக் கோடு புதிதாக வரையப்பட்டதன்று. 1907 ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தபோது, ஆறு வயதுமுதல் பத்து வயதுவரை என்றே அதன் எல்லையை வகுத்தது. கொழுந்து பறிக்கும் வயது வந்ததும் படிப்பு முடிந்தது என்பதே அதன் உட்பொருள். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், 1960-61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அவற்றின் வீச்சுக்கு வெளியிலேயே நின்றன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. எண்பதுகளிற் சுவீடன் அரசின் உதவியும் கிடைத்தது. இவ்வுதவிகளின் முதற் கவனம் ஆரம்பக் கல்வியிலேயே இருந்தது. அது பிழையன்று, அடித்தளமின்றி மாடி கட்ட இயலாது. எனினும் மாடி கட்டும் காலம் எப்போது வரும் என்று வினவியோர் சிலரே.

அந்த மாடியின் இன்றைய நிலை யாது? இலங்கைப் பாடசாலைகள் நான்கு வகையின. உயர்தரத்தில் விஞ்ஞானம் உள்ளவை ஒரு வகை. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை மற்றொரு வகை. பதினோராம் ஆண்டோடு நிற்பவை மூன்றாம் வகை. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை நான்காம் வகை. தோட்டத்துள் அமைந்த பாடசாலைகள் பெரும்பாலும் இறுதி இரு வகைகளையே சார்ந்தவை. உயர்தரம் கற்க விரும்பும் பிள்ளை பதுளைக்கோ பண்டாரவளைக்கோ, பசறைக்கோ அப்புத்தளைக்கோ செல்ல வேண்டும். பசறைக்கு அப்பால், பேருந்து வீதியிலிருந்து மூன்று மைல் உள்ளே அமைந்த ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை பதுளை நகரில் விஞ்ஞானம் கற்க விழைகின்றாள் எனக் கொள்க. அவள் விடியுமுன் எழுந்து நடக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். தனியார் வகுப்பு முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். விடுதி இன்றேல் அவளது படிப்பு ஒரு தவணைக்கு மேல் நீடிப்பது அரிது.

இனித் திட்டமிடுவோரின் மேசைக்கு வருவோம். ஒரு பாடசாலையின் ஆசிரியர் ஆளணி அதன் மாணவர் தொகையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. பயிற்சி நெறி ஒன்றும் போதிய விண்ணப்பதாரர் இருந்தால்தான் தொடங்கப்படும். இது நியாயமாகவே தோன்றும். வெறும் வகுப்பறைக்கு ஆசிரியரை அனுப்புவார் எவர்? ஆயினும் இதன் சுழற்சியைக் கவனித்தல் வேண்டும். ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாமையால் விஞ்ஞானம் கற்க மாணவர் இல்லை. மாணவர் இல்லாமையால் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லை. தமிழில் நடத்தப்படும் தொழில்நுட்ப நெறி இல்லாமையால் விண்ணப்பங்கள் இல்லை. விண்ணப்பங்கள் இல்லாமையால் தமிழில் நெறி இல்லை. ஆண்டிறுதியில் ஓர் அலுவலர், 'தோட்டப் பகுதியிலிருந்து கேள்வி குறைவு' என்று எழுதுகின்றார். அவர் எழுதியது பொய்யன்று. ஆனால் 'கேட்கவில்லை' என்ற செய்தி 'வேண்டவில்லை' என்ற தீர்ப்பாக மாறும் இடம் அந்த வரியே. இக்கட்டுரையின் பொருளும் அந்த மாற்றமே.

எட்டாத பழம் புளிக்கும் என்ற நரியின் கதையைக் குழந்தைகளும் அறிவர். யோன் எல்ஸ்ரர் என்னும் நோர்வேச் சிந்தனையாளர் 1983 இல் அக்கதையையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். மனிதர் தமக்குக் கிட்டாதவற்றை விரும்பாதிருக்கப் பழகிக்கொள்கின்றனர். ஆகவே இருக்கும் விருப்பங்களை மட்டும் அளந்து நீதியை நிறுவ முடியாது என்பது அவர் எழுப்பிய சிக்கல். அமர்த்தியா சென் 1979 இல் நிகழ்த்திய உரையொன்றிற் சமத்துவம் எதனிற் சமத்துவம் என்ற வினாவை எழுப்பி, பொருள்களையோ மனநிறைவையோ அன்றி, ஒருவர் எவற்றைச் செய்ய இயலுமானவராய் இருக்கின்றார் என்பதையே அளக்க வேண்டும் என்றார். ஊவாத் தோட்டத்துச் சிறுவன், 'படிப்பு நமக்குச் சரிவராது. புறக்கோட்டைக் கடையில் இடம் இருக்கிறதாம்' என்று கூறுங்கால், அது அவனது விருப்பமா, அன்றி அவனைச் சூழ்ந்த வழியின்மை அவன் வாயாற் பேசுகின்றதா? இரண்டையும் முற்றாகப் பிரித்தல் இயலாது. அவன் சொல்லை மதியாது விடுவதும் தவறு. அவனைப் பேதையென நினைப்பதாகும். ஆனால் அச்சொல்லை வரவுசெலவுத் திட்டத்துக்கு ஆதாரமாக்குவது வேறு செயல். மாற்று வழி ஒன்றைக் காணாதவன் 'வேண்டாம்' என்பதைத் தெரிவு என்று கூறுதல், தெரிவு என்ற சொல்லையே பொருளற்றதாக்கும்.

சமத்துவம் பற்றிய பழைய வாதமும் ஈண்டு பயன்படும். ஒப்பானோருக்கு ஒப்பாகவும் ஒவ்வாதோருக்கு அவ்வேறுபாட்டுக்கு ஏற்பவும் பங்கிடுவதே நீதி என்றார் அரிஸ்டோட்டில். தலைக்கு இவ்வளவு என்று பங்கிடும் கணக்கு எல்லாரையும் ஒப்பானோராகக் கொள்கின்றது. 1974 இல் வந்த மாவட்ட அடிப்படையிலான பல்கலைக்கழக அனுமதி இவ்வேறுபாட்டை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது; பதுளையும் மொனறாகலையும் அப்பதினாறில் அடங்கும். ஆனால் மாவட்டம் என்பது ஒரு சராசரி. பதுளை நகரப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்றவரும், விஞ்ஞான வகுப்பையே காணாத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டத்தவராகவே கருதப்படுவர். கடைசி வாயில் அகலத் திறந்திருக்க, முதல் வாயிலுக்குச் செல்லும் பாதை இல்லை.

இவ்விடத்திற் கூலியைப் பற்றிப் பேசாது கடத்தல் நேர்மையாகாது. இலவசக் கல்வி என்பது கட்டணமற்ற கல்வி மட்டுமே. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அதற்கு முன்னர் ஆண்டுக்கணக்கிற் போராட்டம் நடந்தது. அத்தகைய வருவாயுள்ள வீட்டில், பதினாறு வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வாராத கூலி ஒன்றின் நாளே. இதனைப் பிரித்தானியா 2004 இல் வெளிப்படையாக ஏற்று, வறிய குடும்பத்து மாணவருக்குப் பதினாறு வயதின் பின்னர் வாரம் 30 பவுண்வரை வழங்கிற்று. பின்னர் 2010 இல் இங்கிலாந்திற்கு மட்டும் அதனை நிறுத்துவதென அரசு முடிவு செய்தது; ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவை தொடர்ந்தன. இப்பணம் இன்றியும் பெரும்பாலோர் படித்திருப்பர் என்பதே நிறுத்தியோர் காட்டிய காரணம். அந்த வாதத்தை நின்று நோக்குதல் வேண்டும். பணமின்றியும் படித்தவர் எப்படிப் படித்தார்? தாயின் காது நகை அடகுக்குப் போயிற்றா? தம்பி படிப்பை நிறுத்தினானா? 'எப்படியும் படித்திருப்பார்' என்னும் கணக்கில் இவற்றுக்கு நிரல் இல்லை. தமிழ்நாடு 2022 இல் அரசுப் பள்ளிகளிற் கற்று மேற்படிப்பிற் சேரும் பெண்களுக்கும், 2024 இல் ஆண்களுக்கும் மாதம் 1000 இந்திய ரூபா வழங்கத் தொடங்கியமை, இதே உண்மையை வேறொரு வழியில் ஏற்றமையாகும்.

தோட்ட மக்களின் உரிமையை நிலைநாட்ட முற்படுவோர் பெரும்பாலும் கடன் என்ற வாதத்தைக் கையாள்வர். தேயிலை ஏற்றுமதி வரியே இந்நாட்டின் வருவாயைத் தாங்கிற்று. 1924 இற் பதுளையை அடைந்த புகையிரதப் பாதையும் பிறரின் இலவசக் கல்வியும் அதன் பயன்களே. ஆகவே நாடு இவர்களுக்குக் கடன்பட்டுள்ளது என்பர். 1948 இற் குடியுரிமை இழந்தோரின் வழித்தோன்றல்களுக்கு 2003 இன் சட்டம்வரை அவ்வுரிமை முழுமையாகத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்து நோக்குங்கால் இவ்வாதம் உள்ளத்தைத் தொடுவதே. ஆயினும் அதில் ஒரு வலுவீனம் உண்டு. உழைத்தமையாற்றான் உரிமை என்றால், உழைக்க இயலாத தந்தையின் மகனுக்கு உரிமை யாது? தேயிலையின் விலை வீழ்ந்தால் உரிமையும் வீழுமா? பிள்ளை கல்விக்கு உரியவள் ஆவது அவள் பாட்டி பறித்த கொழுந்தின் எடையால் அன்று. கடன் வாதம் வரலாற்றை நினைவூட்டட்டும்; உரிமையின் அடிக்கல்லாக அதனை இடுதல் ஆகாது.

தொழிற்பயிற்சி பற்றிய ஐயம் மற்றொன்று. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியபோது, ஏழைப் பிள்ளையை ஏழைத் தொழிலிலேயே நிறுத்தும் உபாயம் இது எனப் பெற்றோர் ஐயுற்றனர். 1977 உடன் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2017 இல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வி, சாதாரண தரத்திற் சித்தியடையாதோருக்கும் தொழிற்றுறை வழியாகப் பாடசாலையில் இடமளித்தது. நல்ல முயற்சியே. ஆனால் தோட்டத்தில் அந்தப் பழைய ஐயம் இருமடங்காகும். தேயிலை உற்பத்தி, களப் பராமரிப்பு என்று மட்டும் நெறிகள் வருமாயின், பயிற்சி யாருடைய நோக்கத்துக்கு? மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளற்க என்ற கான்ரின் விதி இங்கு மேற்கோளாகவன்றி அளவுகோலாகவே வேண்டப்படுகின்றது. அதேவேளை, பல்கலைக்கழகத்துட் புகுந்தோரின் தொகையொன்றையே மலையகத்தின் வளர்ச்சிக்கு அளவாகக் காட்டும் கற்றோரின் பழக்கமும் குறையற்றதன்று. மின்னிணைப்புப் பழகி நகரிற் பணிபுரியும் இளைஞனை 'படிப்பு ஏறாதவன்' என்று ஒதுக்குவோர், துரைமாரின் பார்வையைத் தாமே சுமக்கின்றனர். வழிகள் பலவாக இருத்தலும், ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற இயலுதலும் வேண்டும். தோட்டப் பகுதிக்கென அமைந்த நிறுவனங்களுட் பெயர்பெற்ற இரண்டு, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையமும், நுவரெலியா மாவட்டத்தில் உள்ளவை. ஊவாவின் பிள்ளை மலையகத்தவள் என்ற பெயரில் அங்கே கணக்கில் வருகின்றாள். கால் எட்டும் தூரத்தில் அவளுக்கு அவை இல்லை.

பணம் இல்லையே என்பர். 2022 இன் நெருக்கடியின் பின்னர் அக்கூற்றை எளிதிற் புறந்தள்ள முடியாது. பற்றாக்குறை உண்மையே, ஆனால் பற்றாக்குறை பங்கீட்டின் தேவையைக் கூட்டுமேயன்றி அதன் முறையைத் தீர்மானிக்காது. றோல்ஸ் 1971 இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில், ஏற்றத்தாழ்வு மிகத் தாழ்ந்த நிலையினருக்குப் பயன்படுங்காலே ஏற்கத்தக்கது என வாதித்தார். அதனைச் செயற்படுத்தப் பெருங்கட்டடங்கள் வேண்டியதில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள பாடசாலைகளுக்கு ஒரு விடுதி, தமிழில் ஒரு தொழில்நுட்ப நெறி, பேருந்துக் கட்டணம்: செலவின் வரிசையில் இவை முதலில் எழுதப்படுகின்றனவா, மிஞ்சினால் எழுதப்படுகின்றனவா என்பதே வினா. முதல் ஆண்டில் விடுதிக் கட்டில்கள் சில வெறுமையாகக் கிடக்கலாம். அதை வீண்செலவு எனக் கணக்காய்வாளர் குறிப்பர். கேளாதாரைக் கேட்க வைப்பதற்கு அத்தகைய வெறுங்கட்டில்கள் சிலவற்றை ஏற்கும் துணிவு வேண்டும்.

காலம் பற்றியும் ஒரு சொல். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன் மாதங்கள் பல கழிகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுட் பலர் கல்வியைத் துறப்பது தீர்மானித்தன்று. அந்த மாதங்களில் 'சும்மா இருப்பானேன்' என்று கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ சென்று, பெறுபேறு வரும்போது திரும்பாமையினாலேயே. அக்காலத்துக்கென ஒரு குறுகிய பயிற்சியும் சிறு உதவித்தொகையும் இருப்பின் அவருட் பலர் தங்கியிருக்கக்கூடும்.

அவ்வுதவித்தொகை யார் கையிற் சேர வேண்டும் என்பது எஞ்சி நிற்கும் வினா. வீட்டின் வறுமையைக் கருதினால் பெற்றோரிடம் எனலாம். ஆனால் பெண்ணின் கூலியைக் கணவனோ தந்தையோ பெற்றுச்செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. பிரித்தானியா மாணவரின் வங்கிக் கணக்கிலேயே பணத்தைச் செலுத்திற்று. தமிழ்நாடும் அவ்வாறே செய்கின்றது. பதினாறு வயதினள் குழந்தையும் அல்லள், முழு வளர்ந்தவளும் அல்லள். அவளது பெயரிற் கணக்குத் திறந்தால், தகப்பன் அதனை அவமதிப்பாகக் கொள்ளலாம். வீட்டில் ஒரு வாரம் பேச்சு நிற்கலாம். அடுத்த திங்கட்கிழமை பதுளைக்குச் செல்லும் முதற் பேருந்துக்கு அவள் கையிற் காசு இருக்கும்.