படகேறும் முன்



கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் அமர்ந்து, கையிருப்பு போதுமா என்று கணக்குப் பார்க்கமாட்டானா என ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் கேட்கிறார். இதே வாரத்தில்தான் நம் பங்கு இளையோர், கித்துல்கலவில் ராஃப்டிங் போக அனுமதி கேட்டு வந்தார்கள். வேன் பேசியாகிவிட்டது, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. "நீந்தத் தெரியாதவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். பதில் இல்லை. "செபம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம், ஃபாதர்" என்றாள் ஒரு பிள்ளை.

செபம் வேண்டும், மகளே. கணக்குப் பார்ப்பதும் விசுவாசத்தின் வேலைதான். பக்கத்தில் துடுப்புப் பிடிப்பவனின் உயிரையும் ஆண்டவர் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

களனி கங்கை அங்கே மிதமாகவே ஓடுகிறது. நீரோட்டங்களை 6 தரமாகப் பிரிப்பார்கள். அங்குள்ளவை பெரும்பாலும் 2, 3. ஆனால் மேலே மஸ்கெலியாப் பக்கம் அணைகளும் மின்நிலையங்களும் இருக்கின்றன. அவை விடும் நீரையும் மலையில் பெய்யும் மழையையும் பொறுத்து ஆற்றுமட்டம் மாறும். வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் திரும்பிவிடுங்கள். கட்டிய காசுக்காக அவரோடு வாதாடாதீர்கள்.

உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுக்கியபின், தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுத்துப் பார்க்கட்டும். அங்கி காதுவரை ஏறினால் அது தளர்வு. தன் அங்கியைத் தானே இப்படிச் சோதிப்பது கடினம். அடுத்தவரின் கை வேண்டும். நம் திருச்சபை வாழ்வும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றை மறக்கவே கூடாது. ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறையிடுக்கில் பாதம் சிக்கினால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முன்னே சாய்த்து அமுக்கிவிடும். இடுப்பளவு நீரிலும் இது நடக்கும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி, பாதங்களை நீர்மட்டத்தில் வைத்து மிதந்து வாருங்கள். பயந்தவனுக்கு நிற்கத்தான் தோன்றும். ஆகவே கரையிலேயே படுத்துப் பழகிக்கொள்ளுங்கள். துன்பம் வந்த நாளில் நானும் காலூன்றி நிற்கவே துடித்திருக்கிறேன். ஆண்டவர் என்னைத் தாங்கிக்கொண்டார்.

நீச்சல் தெரியாதவர்களும், ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய் உள்ளவர்களும் திருப்பலி முடிந்ததும் பங்குமனைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். பெற்றோரையும் அழைத்து வாருங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பிள்ளைகளே.