யார் கையில் இருந்தால் தர்மம்?

1911 ஜூன் 17, காலை பத்தரை மணி கடந்த நேரம். திருநெல்வேலியிலிருந்து வந்த ரயில் மணியாச்சி சந்திப்பில் நின்றுகொண்டிருந்தது. முதல் வகுப்புப் பெட்டியில் மாவட்ட ஆட்சியர் ஆஷும் அவர் மனைவி மேரியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்ட பயணம் அது. தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் பெட்டிக்குள் ஏறி, ஆஷை நேருக்கு நேர் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியைத் தன் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். அவர் செங்கோட்டை வாஞ்சிநாதன், திருவிதாங்கூர் வனத்துறை ஊழியர். சட்டைப் பையில் தமிழில் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. அந்நியரைத் துரத்தி சனாதன தர்மத்தை நிலைநாட்டவே இந்தச் செயல் என்றது அது.

கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கி. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ராணுவ வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கடிதத்தில் இருக்கும் ‘தர்மம்’ என்ற சொல்லின் கனம் இன்னும் கூடும்.

பெல்ஜியத்தில் லீஜ் நகரை ஒட்டிய எர்ஸ்டால் என்னும் ஊரில் 1889இல் ஓர் ஆயுதத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பெல்ஜியப் படைக்கு மௌசர் ரக நீள் துப்பாக்கி செய்து கொடுப்பதற்காகவே எழுந்த ஆலை. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆயுத வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் ஒரு கைத்துப்பாக்கியின் வரைவோடு அந்த ஆலையுடன் கைகோத்தார். 1900இல் பெல்ஜிய ராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்கான நிலையான கைத்துப்பாக்கியாக ஏற்றுக்கொண்டது. 7.65 மில்லிமீட்டர் தோட்டா, கைப்பிடிக்குள் ஏழு தோட்டாக்கள் அடுக்கிய உறை, ஒரு குண்டு பாய்ந்ததும் அதன் எதிர்விசையிலேயே அடுத்தது ஏறி நிற்கும் பொறி, குழலுக்கு மேலே ஓடும் சுருள்வில். எடை அறுநூறு கிராம் சொச்சம். அதே காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட வெப்லி சுழல் துப்பாக்கி பருத்த உருளையோடு ஒரு கிலோவைத் தாண்டும், தொலைவிலிருந்தே தெரியும். பிரௌனிங் தட்டையானது. சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது. ராணுவத்துக்கென்று செய்த அந்த மாதிரி பத்துப் பதினோரு ஆண்டுகளில் சுமார் ஏழு லட்சம் விற்றது. அத்தனையும் அதிகாரிகளின் இடுப்புக்குப் போகவில்லை.

1904 ஜூன் 16 அன்று ஹெல்சின்கியில், பின்லாந்தை ஆண்ட ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவை ஓய்கன் ஷௌமன் என்ற இளைஞர் அந்த மாதிரித் துப்பாக்கியால் சுட்டார். உடனே தன்னையும் மாய்த்துக்கொண்டார். அவர் பையிலும் ஒரு கடிதம். ரஷ்யச் சக்கரவர்த்திக்கு எழுதியது. ஆளுநர் இறந்தது மறுநாள், ஜூன் 17. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இட்டோ ஹிரோபூமியைக் கொரியர் ஆன் ஜுங்-குன் சுட்டு வீழ்த்தினார். அவர் கையிலும் அதே மாதிரிதான். அதே ஆண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றது, லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய பிரௌனிங்குகளில் ஒன்று. ஓர் அரசு தன் சிப்பாயின் கையில் கொடுத்து ‘இது முறையானது’ என்று முத்திரை குத்திய பொருள், அரசே இல்லாத மக்களின் கைக்கு இப்படி வந்து சேர்ந்தது.

மணியாச்சி எழுப்பும் சமயக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? ஆயுதத்தை வழங்கிய அரசிடமிருந்தா, எடுத்தவரின் சத்தியத்திலிருந்தா?

வாஞ்சியும் தோழர்களும் சத்தியத்தின் பக்கம் நின்றவர்கள். நீலகண்ட பிரம்மச்சாரி கட்டிய பாரத மாதா சங்கத்தில் காளி படத்தின் முன் குங்குமமும் ரத்தமும் சாட்சியாக உறுதிமொழி எடுத்தார்கள். அக்காலப் புரட்சியாளர் பலருக்கும் கீதை கைப்புத்தகம். ஆனால் கீதை நடப்பது அறிவிக்கப்பட்ட போர்க்களத்தில். இரு படைகளும் அணிவகுத்து நிற்கின்றன, எதிரில் இருப்பவர் கையிலும் வில் இருக்கிறது, சங்கு முழங்கிய பிறகே அம்பு பறக்கிறது. அப்படி இருந்தும் அர்ச்சுனன் கலங்குகிறான். அந்தக் கலக்கத்துக்குப் பதில் சொல்லவே ஒரு நூல் தேவைப்பட்டது. மனைவியோடு உட்கார்ந்திருந்த மனிதர் முன் நீட்டிய துப்பாக்கிக்குக் குருட்சேத்திரத்தின் அனுமதியை அப்படியே எடுத்து வைக்க முடியாது. அர்ச்சுனனுக்கு வாய்த்த தயக்கத்தின் நேரம் மணியாச்சியில் யாருக்கும் வாய்க்கவில்லை.

இதைச் சொல்லும்போதே தூத்துக்குடியின் காயத்தையும் சொல்லியாக வேண்டும். 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே தமிழரின் கப்பல் ஓடியது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்தது என்பது அந்தக் கரையில் இன்றும் சொல்லப்படும் கதை. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், காவல்துறைச் சூட்டில் நான்கு உயிர்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தாலும், கோவைச் சிறையில் வழக்கறிஞரான வ.உ.சி. செக்கிழுக்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் தூத்துக்குடியில் பொறுப்பில் இருந்த அதிகாரி ஆஷ். வெள்ளைக் கம்பெனியின் பக்கம் சாய்ந்து நின்றவர் என்ற கோபம் அவர்மேல் அப்போதே படிந்துவிட்டது. வாஞ்சியின் கோபத்துக்கு அடிப்படை இருந்தது. எந்த நீதிமன்றமும் அந்தக் கோபத்தைக் கேட்கத் தயாராக இல்லை என்பதும் உண்மை.

ஆனாலும் கடிதத்தில் கப்பல் இல்லை, செக்கு இல்லை, சுடப்பட்ட நால்வர் இல்லை. மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சன் இந்த மண்ணை ஆள்வதா என்ற ஆத்திரம் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் வந்தால் கொல்ல மூவாயிரம் பேர் சபதம் செய்திருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அநீதிக்கு எதிரான கோபம் எழுத்துக்கு வரும்போது தீட்டின் மொழியைப் பேசியது. மாட்டிறைச்சி உண்ணும் தமிழர் அந்த வரியைப் படிக்கும்போது, தாங்களும் அந்தத் தர்மத்துக்கு வெளியே நிறுத்தப்படுவதை உணராமல் இருக்க முடியாது. கொலைக்குக் காரணம் சொல்லும் ஒரு தர்மம் யாரையெல்லாம் மனிதராகக் கணக்கில் எடுக்கிறது என்பது பக்கக் கேள்வி ஆகாது. முதல் கேள்வியே அதுதான்.

வாஞ்சிக்குப் புதுச்சேரியில் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர் என்கின்றன அக்கால விசாரணைக் குறிப்புகள். அதே ஐயர், அதே புதுச்சேரியில், சில ஆண்டுகளுக்குள் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கொல்லாமை என்னும் முப்பத்து மூன்றாம் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் அந்தக் கை எழுதியது. பிறகு, செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளையும் எழுதியது. கொடிய கொலைகாரரை வேந்தன் ஒறுப்பதைக் களை பிடுங்குவதற்கு ஒப்பிடும் இடம் அது. வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். ஒறுத்தலை அரசனின் கடமையில் வைத்தார். அரசனே களையாகிப்போனால் யார் பிடுங்குவது என்பதற்கு அதிகாரம் ஒதுக்கவில்லை. 1911இன் இளைஞர்கள் சிக்கிக்கொண்டது அந்த இடைவெளியில்தான். ஐயர் பின்னாளில் காந்தியின் வழிக்கு நெருங்கி வந்தார். 1925இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார்.

சத்தியம் போதாது என்றால் சீருடை போதுமா? முத்துக்குளித்துறையின் பரதவர் இந்தக் கேள்வியைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே தங்கள் வாழ்வில் சந்தித்தார்கள். முத்துச் சிலாபத்தைப் பறித்தவர்களிடமிருந்து காக்கப் போர்ச்சுகீசியரின் ஆயுதம் வேண்டியிருந்தது. 1536ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பாதுகாப்போடு சேர்ந்தே திருமுழுக்கும் வந்தது. அவர்கள் ஏற்ற திருச்சபையின் இறையியலில், போர் நியாயமாவதற்கு அக்வினாஸ் மூன்று நிபந்தனைகள் சொல்கிறார்: உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேரிய நோக்கம். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது அரசுகளுக்குச் சுலபம்.

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள்மீது காவல்துறை சுட்டது; அன்றும் மறுநாளும் நடந்த சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, சூட்டுக்கு அவசியமே இருக்கவில்லை என்று அறிக்கை தந்தது. துப்பாக்கிகள் அரசு கொடுத்தவை, பதிவேட்டில் எண் உள்ளவை, சுட்டவர்கள் சீருடையில் இருந்தவர்கள். 1908இலும் அப்படித்தான்.

பிரௌனிங் கதையும் சீருடைக்குள்ளேயே தொடர்கிறது. ஜான் பிரௌனிங் கடைசியாகத் தொடங்கி, அதே எர்ஸ்டால் ஆலையின் வடிவமைப்பாளர் சைவ் முடித்துக்கொடுத்த 1935ஆம் ஆண்டு 9 மில்லிமீட்டர் மாதிரி இரண்டாம் உலகப்போரில் கனடாவில் தயாரானது. அதன் வழிவந்த பிரதியை மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1980களிலிருந்து செய்துவருகிறது. பல பத்தாண்டுகளாக இந்திய ராணுவ அதிகாரியின் நிலையான கைத்துப்பாக்கி அதுதான். மணியாச்சியில் ராஜத்துரோகமாக இருந்த பெயர், சுதந்திர நாட்டின் ஆயுதக் கிடங்கில் அரசுச் சொத்து. பொறி வெறும் உலோகம். அதற்குப் பாவமும் கிடையாது, புண்ணியமும் கிடையாது. அனுமதிச் சீட்டு மாறியதால் விசையை இழுப்பவரின் பொறுப்பு குறைந்துவிடுமா? சத்தியம் செய்தவர் ‘நான் தர்மத்தின் கருவி’ என்கிறார். சீருடை அணிந்தவர் ‘மேலிடத்து உத்தரவு’ என்கிறார். இரண்டு பேரும் கொலையின் பாரத்தை வேறொரு தோளுக்கு மாற்றப் பார்க்கிறார்கள்.

வாஞ்சியை இந்த வரிசையில் வைக்கும்போது ஒன்றை மறுக்கக் கூடாது: அவர் தப்பிக்க நினைக்கவில்லை, தன் உயிரையே விலையாகக் கொடுத்தார். ஆனால் அந்தத் தற்கொலை அவர்மீதான விசாரணையையும் மூடிவிட்டது. கொரியாவின் ஆன் ஜுங்-குன் செய்தது வேறு. சுட்டபின் பிடிபட்டு, நீதிமன்றத்தில் நின்று, இட்டோவின் குற்றங்களாகப் பதினைந்தை அடுக்கினார். தான் கொலைகாரன் அல்ல, நீதிப்படையின் அதிகாரி, போர்க்கைதியாக நடத்துங்கள் என்று கேட்டார். அவர் தோமா என்ற திருமுழுக்குப் பெயர் கொண்ட கத்தோலிக்கர். கொலை செய்தவருக்கு அருட்சாதனம் கொடுக்கக் குருவை அனுப்ப ஆயர் மியூட்டல் மறுத்தார். அருட்தந்தை வில்லெம் அந்த உத்தரவை மீறிச் சிறைக்குப் போய் ஒப்புரவு கேட்டு, நற்கருணை கொடுத்தார்; அதற்காகத் தண்டனையும் பெற்றார். 1910 மார்ச் 26 அன்று ஆன் தூக்கிலிடப்பட்டார். 1993இல் சியோல் கர்தினால் கிம் சூ-ஹ்வான் அவருக்காகத் திருப்பலி நிறைவேற்றி, அன்றைய திருச்சபையின் தீர்ப்பு தவறு என்று ஏற்றுக்கொண்டார். நாட்டைக் காக்க எடுத்த ஆயுதம் என்று அந்தச் செயலை மறுபடி எடைபோட்டார். அந்த முடிவு சரியா என்று வாதிடலாம். நிராயுதபாணியான முதியவரைச் சுட்டது தற்காப்பு ஆகுமா என்பது சின்னக் கேள்வி அல்ல. ஆனாலும் ஒரு சமயம் தன் பிள்ளையின் கொலையைத் தன் தராசிலேயே இரண்டு முறை வைத்துப் பார்த்தது.

தமிழ்நாட்டில் அந்தத் தராசு இன்னும் எடுக்கப்படவில்லை. நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர், துறைமுகத்துக்கு 2011 முதல் வ.உ. சிதம்பரனார் பெயர், தூத்துக்குடியில் ஆஷுக்கும் ஒரு நினைவு மண்டபம். ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைத் தோண்டித் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். மேடைகளில் மாலையும் வசையும் மாறி மாறி விழுகின்றன. கடிதம் எந்தத் தர்மத்தின் பெயரைச் சொன்னதோ, அதைப் போதிக்கும் மடங்களும் கீதைக்கு உரை சொல்லும் அறிஞர்களும் இந்த வழக்கை ஏற்றுப் பேச வேண்டும்: காளி முன் எடுத்த சத்தியம் ஒரு மனிதரைக் கொல்ல அனுமதி தருமா, தராதா, தராதென்றால் அந்த இளைஞரின் தியாகத்தை எந்தப் பெயரால் நினைப்பது? ஆஷ் கொலை வழக்கில் ஏழாண்டுத் தண்டனை பெற்ற நீலகண்ட பிரம்மச்சாரி பின்னாளில் துறவு பூண்டு, நந்தி மலையில் 1978 வரை வாழ்ந்தார். சத்தியத்தையும் துறவையும் ஒரே வாழ்க்கையில் ஏற்ற அவரிடமிருந்தே அந்த உரையைத் தொடங்கலாம்.