அயல்நாட்டு முத்திரையும் ஸ்வதப் பிராமாண்யமும்

சிங்கப்பூரில் நெடுங்காலம் வியாபாரம் செய்து அங்கேயே காலமான ஒருவர், காரைக்குடியில் தாம் சம்பாதித்துக் கட்டிய வீட்டைக் குறித்து எழுதி வைத்த உயில் அந்நாட்டு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டு, அதன் நகல் இங்குள்ள வாரிசுகளிடம் வந்து சேரும்போது, முன்பின் அறியாத ஓர் அதிகாரியின் கையொப்பத்தை எதைக் கொண்டு நம்புவது என்ற கேள்வி எழுகிறது. எழுதியவரையே கேட்டுத் தெளியவும் வழியில்லை.

நம் பழைய தத்துவவாதிகளும் இக்கேள்வியை எழுப்பியதுண்டு. ஓர் அறிவு உண்மை என்று துணிவதற்குப் புறத்தேயிருந்து வேறொரு சான்று வேண்டும் என்பது நையாயிகர் கொள்கை. அங்ஙனமாயின் அச்சான்றுக்கும் ஒரு சான்று, அதற்கும் இன்னொன்று என்று முடிவில்லாமல் நீளும் அநவஸ்தா தோஷம் வந்து சேருமே என்று மறுத்த மீமாம்சகர் குமாரில பட்டர், அறிவுக்குப் பிராமாண்யம், அதாவது உண்மைத்தன்மை, இயல்பிலேயே (ஸ்வதஃ) உண்டு என்றும், அதைப் பொய்ப்பிக்கும் மற்றோர் அறிவு தோன்றினாலோ அது பிறந்த காரணத்தில் குற்றம் வெளிப்பட்டாலோதான் அது நீங்கும் என்றும் நிலைநாட்டினார்.

நோட்டரியின் கையொப்பத்துக்கு மேலதிகாரி, அவருக்கு வெளியுறவு அமைச்சகம், அதற்கும் மேலே தூதரகம் என்று ஒருவர் முத்திரைக்கு மற்றொருவர் சாட்சி சொன்ன பழைய முறை, அந்த அநவஸ்தையே கச்சேரிக் காகிதத்தில் நடமாடிய கோலம் அன்றோ! 1961 அக்டோபர் 5இல் ஏற்பட்டு, இந்தியாவில் 2005 முதலும் சிங்கப்பூரில் 2021 முதலும் அமலுக்கு வந்த ஹேக் உடன்படிக்கை அதனை அறுத்தது. பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரமாய், பிரெஞ்சுத் தலைப்போடு பத்திரத்தில் சேரும் அப்போஸ்டில் என்னும் சான்றிதழ், கையொப்பமும் கையொப்பமிட்டவரின் பதவியும் முத்திரையும் மெய் என்று மட்டும் சொல்லும். உள்ளே எழுதியிருப்பதைப் பற்றி வாய் திறவாது. அதன் மேலுள்ள முத்திரைக்கு வேறு சான்று வேண்டா என்று உடன்படிக்கையின் ஐந்தாம் விதி விலக்கும் அளிக்கிறது.

நம் 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும், அந்நிய நீதிமன்றத் தீர்ப்பை முடிவானதென்று முதலில் ஏற்றுக்கொண்டு, அதிகாரமின்மை, மோசடி, இயற்கை நீதிக்கு விரோதம் முதலிய ஆறு குற்றங்களில் ஒன்று தெரிந்தால் மட்டுமே தள்ளுகிறது. குமாரிலர் சொன்ன காரண தோஷம் இதிலிருந்து வெகுதூரமில்லை.

இறந்தவர் தம் வாக்குக்காக மீண்டு வந்து வாதாட இயலாதாகையால், ஐயத்தை முதலில் வைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். ஆயினும் நம்புவது என்பது கண்ணை மூடிக்கொள்வதாகாது. இந்திய மண்ணிலுள்ள வீட்டுக்கு இந்தியச் சட்டமே செல்லும். 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 228ஆம் பிரிவுப்படி, முறையாகச் சான்றளித்த நகலைப் பார்த்த பின்னரே இங்குள்ள நீதிமன்றம் நிர்வாக அதிகாரம் வழங்கலாம். அந்நாட்டு வழக்கைப் பற்றித் தனக்கு அறிவிப்பே வரவில்லை என்று இறந்தவரின் மகள் முறையிட்டால், அவள் சொல்லைக் கேட்பது நீதிபதியின் கடமை. அதை மெய்ப்பிக்கும் பாரமோ அவளுடையது.