கரி ஒருவருக்கு, கசிவு இன்னொருவருக்கு

மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் நிலக்கரி பாறைகளுக்கு நடுவே மெல்லிய படலமாக ஓடுகிறது. பல இடங்களில் அதன் கனம் ஒரு மீட்டர்கூட இருக்காது. மேலே உள்ள பாறையை முழுக்க அகற்றிவிட்டுத் தோண்டினால் செலவு கட்டாது. அதனால் கிணறு வெட்டுவதைப்போல நேர்கீழாக ஒரு குழி இறக்குவார்கள். சில குழிகள் நூறு அடியையும் தாண்டிப் போகும். கரி தட்டுப்பட்டதும் அங்கிருந்து பக்கவாட்டில் ஓர் ஆள் ஊர்ந்துபோகும் அளவுக்கு வளை குடைவார்கள். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், குந்தியபடியோ ஒருக்களித்துப் படுத்தபடியோ கரியைக் கொத்தி, சின்னத் தள்ளுவண்டியில் நிரப்பி, குழியடிக்குத் தள்ளிவர வேண்டும். அங்கிருந்து கிரேன் மேலே தூக்கும். ஆள் ஏறி இறங்க மரப்படிகள். இதற்கு எலிவளைச் சுரங்கம் என்று பெயர்.

இந்த வளைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விபத்தில் தொடங்கி விபத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மலை யாருக்குச் சொந்தமோ, அவர் அதைத் தம் விருப்பப்படி தோண்டலாமா?

சுரங்கம் என்றதும் அரசுக் குத்தகையும் பெரிய நிறுவனமும் விரட்டப்பட்ட குடிகளும்தான் நினைவுக்கு வரும். ஜைந்தியா மலைகளில் அந்தக் காட்சி இல்லை. அரசமைப்பின் ஆறாவது அட்டவணைக்குள் வரும் பழங்குடிப் பகுதி அது. நிலம் வழக்காற்றுப்படி தனியாருக்கோ குலத்துக்கோ ஊருக்கோ உரியது. அடியில் கிடக்கும் கரியும் நிலத்துக்கு உடையவருக்கே. நம் ஊர்ப் பழைய கிரயப் பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்து எழுதிக்கொடுப்பார்களே, ஏறத்தாழ அந்த மாதிரியான உரிமை. 2019 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. கனிமம் நில உடைமையாளருடையதே என்றது. ஆனால் 1957-ஆம் ஆண்டின் சுரங்கம், கனிமங்கள் சட்டப்படி குத்தகை பெறாமல் தோண்ட முடியாது என்றும் சொன்னது.

இந்த உரிமையை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் எடுக்க ஒரு நிறுவனம் முயன்றபோது, முடிவை அங்குள்ள கிராம சபைகளிடமே விட்டது உச்ச நீதிமன்றம். 2013-இல் 12 கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோந்த் மக்கள் தங்கள் மலையைத் தர மாட்டோம் என்றார்கள். பன்னிரண்டிலும் ஒரே பதில். மலைவாழ் மக்களின் வாக்கே இறுதி வாக்கு என்று நாடெங்கும் பலர் கொண்டாடினார்கள். அப்படியானால் ஜைந்தியா மலைகளில் நில உடைமையாளர்கள் ‘தோண்டுவோம்’ என்று சொல்வதையும் அதே மதிப்போடு கேட்க வேண்டாமா? நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும்போது மட்டும் மலைவாசியின் உரிமையை மதிப்பது மரியாதையில் சேராது.

அவர்கள் தரப்பில் நியாயமும் உண்டு. மாநிலத்தின் நிலக்கரி இருப்பு 57 கோடி டன்னுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. சரிவான நிலத்தில் பயிர் செய்து பிழைத்தவர்களுக்குக் கரி கையில் ரொக்கம் தந்தது. கரிக் காசில் வீடு எழும்பியது, பிள்ளைகள் ஷில்லாங் போய்ப் படித்தார்கள், லாரி வாங்கினார்கள். மாநில அரசும் ராயல்டி வாங்கிக்கொண்டது. அனல்மின் நிலையத்தின் தயவில் விசிறிக் காற்று வாங்கிக்கொண்டு, கரி வெட்டுகிறவரைப் பார்த்து இயற்கையைக் கெடுக்காதே என்று உபதேசிப்பது எளிது. உபதேசிப்பவர் அதற்காக எதையும் இழப்பதில்லை.

ஆனாலும் குழியிலிருந்து வெளிவருவது கரி மட்டுமா? ஜைந்தியா மலைக் கரியில் கந்தகம் அதிகம். கரியோடு கலந்திருக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டவுடன் கந்தக அமிலமாகக் கசியத் தொடங்குகிறது. உலகிலேயே அதிக மழை பெய்யும் மலைத்தொடரின் பக்கத்து மலைகள் இவை. சாலையோரம் குவித்து வைத்த கரியையும் மூடாமல் விட்ட குழிகளையும் ஒவ்வொரு மழையும் கழுவி ஓடைக்குக் கொண்டுபோகிறது. ஓடைக் கற்களில் துருப்பிடித்த இரும்பின் செம்மஞ்சள் நிறம் படிகிறது. லூகா ஆறு குளிர்காலத்தில் ஆழ்ந்த நீலமாக மாறிவிடும். பார்ப்பதற்கு அழகு, உள்ளே மீன் இருக்காது. அந்த ஆறு எல்லை தாண்டி வங்கதேசத்துக்குள் ஓடுகிறது.

இன்னொரு பக்கம் கோபிலி ஆறு அசாமுக்குள் போகிறது. அதன் அமில நீர், கீழே இருக்கும் நீர்மின் நிலையத்தின் இரும்பு உறுப்புகளையே அரித்தது. இரும்பை அரிக்கும் நீர் வயலையும் மீனையும் என்ன செய்யும்? 2014 ஏப்ரல் 17 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கத்துக்குத் தடை விதித்தது. அந்த வழக்கின் தொடக்கம் அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்தில் இருந்து வந்த புகார். புகார் தந்தவர்கள் கோபிலிக் கரையின் திமாசா மாணவர் சங்கத்தினர். கரியில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. நிலம் அவர்களுடையதல்ல, தோண்டலாமா என்று யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. அவர்கள் பங்குக்கு வந்தது கசிவு மட்டும்.

கேட்கப்படாத இன்னொரு கூட்டம் குழிக்குள்ளேயே இருக்கிறது. வளைக்குள் ஊர்கிறவர்களில் பெரும்பாலோர் நிலத்துக்கு உடையவர்கள் அல்லர். காரோ மலைகளிலிருந்தும் அசாமிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் சர்தார் என்ற மேஸ்திரி மூலம் வந்து சேர்ந்தவர்கள். 2012 ஜூலையில் தெற்கு காரோ மலைகளின் நங்கல்பிப்ராவில் நீர் புகுந்து 15 பேர் மாண்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. தடை வந்து நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 டிசம்பர் 13 அன்று, கிழக்கு ஜைந்தியா மலைகளின் க்ஸான் பகுதியில் சுமார் 370 அடி ஆழக் குழிக்குள் வெள்ளம் புகுந்தது. 15 பேர் உள்ளே சிக்கினார்கள். கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தார்கள். பெரிய பெரிய பம்புகள் வந்தன. இறைக்க இறைக்க நீர் ஊறியது. சுற்றிலும் கைவிடப்பட்ட பழைய குழிகள், அவை நிறைய நீர். எந்த வளை எந்த வளையைத் தொடுகிறது என்று சொல்ல வரைபடம் கிடையாது. இரண்டரை மாதம் கழித்துத் தேடல் நின்றபோது கிடைத்திருந்தவை இரண்டு உடல்கள்.

யாரும் அவர்களைக் கட்டி இழுத்து வரவில்லை, கூலி பார்த்துத் தாமே வந்தவர்கள்தானே என்று சொல்வதுண்டு. கூலி அதிகம் என்பது உண்மை. ஆனால் சம்மதம் என்பதற்கு, எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கொத்துகிறவருக்கும் அடுத்த குழியின் தேங்கிய நீருக்கும் நடுவே எத்தனை அடிப் பாறை இருக்கிறது என்பது குழிக்காரருக்கே தெரியாது. தெரியாத ஆபத்தை விலை பேச முடியாது. வேறு வேலை கிடைக்காதவர் தலையாட்டியதை முழுச் சம்மதமாகக் கணக்கில் வைக்கவும் முடியாது.

இங்கேதான் சொத்துரிமையின் எல்லை தெரிகிறது. தன் நிலத்தில் வீடு கட்ட ஒருவருக்கு உரிமை உண்டு, அந்த வீட்டின் சாக்கடையைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் திருப்பிவிட உரிமை இல்லை. நன்மை வேலிக்குள்ளேயும் தீமை வேலிக்கு வெளியேயும் போகும் வேலையில், வேலிக்காரரின் சம்மதம் பாதிச் சம்மதம்தான். நியமகிரியில் மக்கள் ‘வேண்டாம்’ என்றபோது அந்த முடிவின் சுமையை அவர்களே ஏற்றார்கள். கரிப் பணம் போன்ற பணம் வராமல் போனது அவர்களுக்குத்தான். ஜைந்தியா மலைகளில் ‘தோண்டுவோம்’ என்றவர்கள் சுமையை ஆற்றுக்கும் அடுத்த மாவட்டத்துக்கும் அந்நிய ஊர்க் கூலியாளுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஊரார் வீட்டு நெய், தன் கை. இரண்டு முடிவுகளையும் மலைமக்கள்தான் எடுத்தார்கள் என்பதால் இரண்டும் ஒரே தட்டில் நிற்காது. தோண்டுவதன் முழு விலையையும் யார் தாமே சுமக்கிறாரோ, அவருடைய ‘ஆம்’ மட்டுமே முழு ‘ஆம்’.

அப்படியென்றால் தடையோடு கதை முடிந்ததா? இல்லை. தடை வந்தபின் ஏற்கெனவே வெட்டி வைத்த கரியை மட்டும் கொண்டுபோக அனுமதி தந்தார்கள். பழைய கரி என்ற பெயரில் புதிய கரி போகிறது என்ற குற்றச்சாட்டு ஓயவே இல்லை. மாற்று வேலை இல்லாத இடத்தில் தடை தொழிலை நிறுத்துவதில்லை, அதைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்துகிறது. 2025 ஜனவரி 6 அன்று அசாமின் உம்ராங்ஸோவில் எலிவளைச் சுரங்கம் ஒன்றில் நீர் புகுந்து 9 பேர் இறந்தார்கள். உம்ராங்ஸோ இருப்பது திமா ஹசாவ் மாவட்டத்தில். கசிவைத் தாங்க முடியாமல் புகார் கொடுத்த அதே மாவட்டம். கரி மீதான ஆசை ஓர் இனத்துக்கு மட்டும் சொந்தமான குணம் இல்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

தோண்டும் கைகளையும் பழிக்க முடியாது. 2023 நவம்பரில் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாள் சிக்கிக் கிடந்தார்கள். துளையிடும் எந்திரம் உடைந்தபின், கடைசிச் சில மீட்டர்களைக் கையால் குடைந்து அவர்களை மீட்டது எலிவளை வேலை தெரிந்தவர்கள். அன்று நாடே அவர்களுக்குக் கைதட்டியது. அங்கே உள்ளே இருப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. முதலில் ஒரு பெயர் விடுபட்டாலும், அவர்களுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது.

ஜைந்தியா மலைக் குழிகளில் அந்தப் பட்டியலே கிடையாது. வருகைப் பதிவேடு இல்லாததால், விபத்து நடந்தால் உள்ளே யார் இருந்தார் என்பதை மேலே தப்பி வந்தவர்களையும் தேடிவரும் குடும்பத்தாரையும் கேட்டுத்தான் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கரிக்கு அப்படி இல்லை. நெடுஞ்சாலையில் எடைமேடை இருக்கிறது, டன் கணக்குக்குச் சலான் இருக்கிறது, ராயல்டிக்கு ரசீது இருக்கிறது. ஒரு குழி நியாயமானதா என்று அறிய நீண்ட வாதம் தேவையில்லை. அங்கே இரண்டு நோட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். ஒன்றில் காலையில் இறங்கியவர்களின் பெயர். மற்றொன்றில் கீழே ஓடும் ஆற்றின் அன்றைய அமில அளவு. அவை இரண்டும் இல்லாத இடத்தில் எடைமேடை மட்டும் இருந்தால், அங்கே எடை போடப்படுவது கரி மட்டும்தான்.